இருபதாம் தேதி ராத்திரி பாலையா படம்

எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு ராத்திரிக்கு மட்டும் சட்டம் உண்டு. 20-ம் தேதி இரவு என்ன படம் போடுவது என்று யாரும் சண்டை பிடிக்கக் கூடாது. டி.எஸ்.பாலையா நடித்த படம். எந்தப் படம் என்பதில் கொஞ்சம் பேரம் பேசலாம். பாலையா இருக்க வேண்டும் என்பதில் பேரமே கிடையாது. மற்ற இருபத்தொன்பது நாளும் ரிமோட் யார் கையில் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஏன் 20-ம் தேதி என்பது ஜி.எஸ்.டி. கட்டுகிற யாருக்கும் சொல்லாமலே புரியும். ஈரோட்டில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். ஊரில் எல்லோரும் 'ஆடிட்டர் ஆபீஸ்' என்பார்கள். நான் ஆடிட்டர் இல்லை, ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவள்தான் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். மஞ்சள் மண்டி, பெட்ஷீட் வியாபாரம், சாயப் பவுடர் கடை, பேக்கரி, ஒரு பழைய இரும்புக்காரர் என்று கலவையான கூட்டம். 11-ம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு போக வேண்டும். வாங்கிய சரக்குக்கு எவ்வளவு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்கிற 2பி பட்டியல் 14-ம் தேதி வரும். 20-ம் தேதிக்குள் 3பி என்கிற மாத ரிட்டர்னைப் போட்டு வரி கட்ட வேண்டும். ஆக, மாதம் முப்பது நாள் என்பதெல்லாம் காலண்டரில்தான். எங்களுக்கு மாதம் என்பது 14-க்கும் 20-க்கும் நடுவில் இருக்கிற ஒரு வாரம். தவறினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தொகை பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் அந்த ஐம்பது ரூபாயை வியாபாரி எப்போதும் என் தவறாகத்தான் பார்ப்பார்.

கணக்குப் போடுவதில் எனக்கு அலுப்பே வராது. அலுப்பெல்லாம் கதை கேட்பதில்தான். ஒவ்வொரு பில்லுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. "அம்மணி, அந்த பில்லை மஞ்சப் பையிலதான் வெச்சிருந்தேன், பையை மச்சான் எடுத்துட்டுப் போயிட்டானுங்க." "மேடம், சரக்கு வந்துருச்சு, பில்லு வரலை. பில்லு வந்தப்ப சரக்கைத் திருப்பி அனுப்பிட்டோம்." "இது போன மாசத்துதா, இந்த மாசத்துதான்னு அவனுக்கே தெரியலீங்க." எல்லாவற்றையும் முகத்தில் அக்கறை குறையாமல் கேட்க வேண்டும். பாதியில் வெட்டினால் கோபித்துக்கொள்வார்கள். முழுதாகக் கேட்டால் மணி ஆகிவிடும்.

கடைசி நாளில் கதையோடு ஓ.டி.பி.யும் சேர்ந்துகொள்ளும். ரிட்டர்னைச் சமர்ப்பிக்கும் நேரத்தில் வியாபாரியின் செல்போனுக்கு ஒரு எண் போகும், அதை அவர் உடனே சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து அவர் கல்யாணப் பந்தியில் இருப்பார், அல்லது போனை வீட்டில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருப்பார். ஒருவர் வெகு பொறுப்பாக ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். இரண்டு தடவை தப்பு என்று வந்தபிறகுதான் தெரிந்தது, அவர் வாசித்தது கேஸ் சிலிண்டருக்கு வந்த எண்.

இதெல்லாம் முடிந்து வீட்டுக்கு வரும்போது எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அன்றைக்குச் சமையல் என் வீட்டுக்காரர். அவருக்கு விசைத்தறி உதிரிபாகக் கடை, எட்டு மணிக்கெல்லாம் சாத்திவிடுவார். செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அரிசியும் பருப்பும் சாதம். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரெண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு, கைநிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாய், மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, எல்லாமே ஒரே குக்கரில். இறக்கியதும் நெய் ஊற்ற வேண்டும், அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தொட்டுக்கொள்ள அப்பளமும் தயிரும் போதும். சாம்பார் வைத்து ரசம் வைத்துப் பொரியல் வைத்துச் சாப்பிடுகிற சாப்பாட்டைவிட இது ஒசத்தி என்பது என் கட்சி. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், பிசைய வேண்டிய அவசியம்கூட இல்லாமல் சாப்பிடலாம்.

பாலையா சட்டம் வருவதற்கு முன்னால் நாங்களும் எல்லோரையும் போலத்தான் இருந்தோம். ஓ.டி.டி.யைத் திறந்து, முன்னோட்டம் பார்த்து, இது வேண்டாம் அது வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போய், சாதம் ஆறி, கடைசியில் செய்தி பார்த்துவிட்டுப் படுக்கிற வகை. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேறு ஒரு தொல்லையும் இருந்தது. எல்லோரும் புகழ்ந்த ஒரு துப்பறியும் தொடரை அந்த மாதிரி ஒரு ராத்திரியில் போட்டோம். முதல் கொலை விழுந்தவுடனே என் மூளை திரும்ப ஆபீசுக்குப் போய்விட்டது. இவன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தான், அந்தக் கார் யார் பெயரில் இருக்கிறது, முன்னே சொன்னதும் இப்போது சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று உட்கார்ந்து டேலி பண்ணுகிறேன். பகலெல்லாம் எதைச் செய்தேனோ அதையே ராத்திரியும் சம்பளமில்லாமல் செய்ய வேண்டியிருந்தது. களைத்த மூளைக்குப் புதுப்படம் ஆகாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். புதுப்படத்தைத் தியேட்டரில் பார்க்க வேண்டும், அல்லது நன்றாகத் தூங்கி எழுந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்க்க வேண்டும். 20-ம் தேதி ராத்திரிக்குத் தெரிந்த கதைதான் சரி. யார் யாரைக் கட்டிக்கொள்வார்கள் என்று முதல் காட்சியிலேயே தெரிந்திருக்க வேண்டும். நடுவில் எழுந்து போய்த் தயிர் எடுத்து வந்தால் எதுவும் தவறிவிடக் கூடாது.

அதற்காகப் பழைய காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது வீட்டில் படம் பார்ப்பது என்றால் ஓய்வே இல்லை, அது ஒரு உழைப்பு. ஊர் நோம்பிக்கோ வீட்டு விசேஷத்துக்கோ வீடியோ கேசட் ஓட்டுகிற டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். ஒரு ராத்திரிக்கு வாடகை, கூட நாலைந்து கேசட். வாடகை விடியற்காலையோடு முடிந்துவிடும் என்பதால் அத்தனையையும் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். பெரியவர்களுக்காக முதலில் சாமி படம், அப்புறம் எம்.ஜி.ஆர்., அப்புறம் சிவாஜி. நாங்கள் காத்திருந்த புதுப்படம் வரும்போது மணி ரெண்டு தாண்டியிருக்கும். நடுவில் படம் புள்ளி புள்ளியாகப் போகும்; டெக்கோடு கூடவே வந்தவர் மூடியைத் திறந்து 'ஹெட்' துடைப்பார். கண்ணைச் சொருகினால் அப்பா முதுகில் தட்டுவார்: "காசு குடுத்து எடுத்திருக்கு, தூங்காத." அந்த ராத்திரிகளில் பார்த்த படங்களில் ஒன்றுக்குக்கூட முடிவு எனக்கு நினைவில் இல்லை.

பாலையாவுக்கு வருகிறேன். 1936-ல் 'சதி லீலாவதி'யில் திரைக்கு வந்தவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். ரொம்ப வருஷம் வில்லனாகத்தான் அவரை ஜனங்கள் பார்த்தார்கள். என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இன்றைக்கும் அவர் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார்கள், திடீரென்று "இவன் முந்தி பொல்லாதவனாச்சே" என்பார்கள். 1972-ல் அவர் இறந்துபோனார். நான் பார்ப்பது பெரும்பாலும் கடைசிப் பத்து வருஷத்து பாலையாவை. 1964-ல் 'காதலிக்க நேரமில்லை', 1965-ல் 'திருவிளையாடல்', 1967-ல் 'பாமா விஜயம்', 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்'. இந்த நாலையும் சுற்றிச் சுற்றிப் போட்டாலே வருஷம் ஓடிவிடும்.

'காதலிக்க நேரமில்லை'யில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், சினிமா எடுக்கப் பணம் கேட்டு அப்பா பாலையாவிடம் கதை சொல்லும் காட்சியைத் தெரியாத தமிழர் குறைவு. எல்லோரும் நாகேஷைத்தான் பாராட்டுவார்கள், நியாயம்தான். சத்தம், கதவு, காலடி எல்லாமே அவர் வாயாலேயே போடுகிறார். ஆனால் ஒரு தடவை நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பார்த்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். முதலில் 'இவன் என்ன சொல்லிவிடப் போகிறான்' என்கிற அசட்டை. அப்புறம் மெல்ல உள்ளே இழுபடுகிறார். கொஞ்ச நேரத்தில் கண்ணில் நிஜமான பயம். எதிரே நிற்பது தன் பிள்ளை, சொல்வது சுத்தப் பொய், கதையில் கதையே இல்லை. எல்லாம் தெரிந்தும் அந்த மனிதர் நம்புகிறார். அவர் நம்புவதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. கதை சொன்னவரைப் பேசிப் பேசியே கேட்டவரை நாம் மறந்துவிட்டோம்.

'திருவிளையாடல்' எடுத்துக்கொள்ளுங்கள். ஹேமநாத பாகவதராக வந்து பாண்டிய நாட்டையே சவாலுக்கு இழுக்கிறார். பாடுகிற குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, அலட்டல் முழுக்க பாலையாவுடையது. அப்புறம் விறகு விற்க வந்தவன் ராத்திரியில் பாடுகிறான். அதைக் காதில் வாங்கிய பிறகு அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனை ஜம்பமும் வழிந்து, விடிவதற்குள் ஊரைக் காலி பண்ணிவிடுகிறார். என் வீட்டுக்காரருக்கு இந்த இடம் என்றால் உயிர். "வந்த வேகமென்ன, போன வேகமென்ன" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில்காரர் முத்துராக்கு. தவில்காரருக்கு வேலை என்ன, பக்கத்தில் வாசிப்பவரைக் காது கொடுத்துக் கேட்பதுதான். பின்னணியில் நாதஸ்வரம் வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் தெரிவது சிவாஜியின் விரல்கள். அந்த விரல்களை நான் நம்புவதற்கு, பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிற பாலையாவும் ஒரு காரணம்.

இது எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்திருக்கிறேன். ஒரு வாரம் முழுக்க என் எதிரே விதவிதமான செல்லப்பாக்கள் உட்கார்ந்து கதை சொல்லியிருக்கிறார்கள். நான் நம்பியது பாதி, நம்பாதது பாதி, எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி சோபாவில் சாய்ந்துகொண்டால் கேட்கிற வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். அதுவும் என்னைவிடப் பல மடங்கு ஒழுங்காகச் செய்கிறார். அவர் பயப்படட்டும், அசடு வழியட்டும், நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

'காதலிக்க நேரமில்லை'யில் எங்கள் பக்கத்து ஆழியாறு வேறு வருகிறது. அது திரையில் வந்ததும் "போன தடவ நாம போனப்ப இவ்வளவு தண்ணி இல்லையே" என்று யாராவது சொல்லியாக வேண்டும் என்பதும் எழுதாத சட்டம். அந்தப் படத்தை ஒரு மாதமும் 'பாமா விஜயம்' அடுத்த மாதமும் போட்டபோது அத்தை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். முதல் படத்தில் பாலையாவின் மகள்கள் காஞ்சனாவும் ராஜஸ்ரீயும். முத்துராமன் மருமகனாக வருகிறார். மூன்று வருஷம் கழித்து வந்த படத்தில் அதே முத்துராமன் மகன், காஞ்சனா மருமகள். ராஜஸ்ரீயோ பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த நடிகை. நாகேஷ் மட்டும் ரெண்டிலும் பிள்ளையாகவே இருக்கிறார். "என்னங் கண்ணு இது, மகளாப் பொறந்தவ மருமகளா வந்துட்டா. மருமகனுக்குப் பிரமோசன்" என்றார்கள். இந்த மாதிரி விஷயமெல்லாம் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் பிடிபடும்.

'பாமா விஜயம்' கணக்கு எழுதுகிறவர்களின் படம் என்று நான் சொல்வேன். நடிகை பக்கத்து வீட்டுக்கு வந்தாள் என்பதற்காக மூன்று மருமகள்களும் அவரவர் வீட்டுக்காரரும் தகுதிக்கு மீறிச் செலவு பண்ணித் திண்டாடுகிறார்கள். வரவு எட்டணா, செலவு பத்தணா என்று அதில் ஒரு பாட்டு. ப்ளஸ் ஒன் படிக்கிற என் மகன் "அணான்னா எவ்வளவு?" என்றான். ரூபாய்க்குப் பதினாறு அணா. 1957 ஏப்ரல் 1-ம் தேதியே நயா பைசா வந்து அணா போய்விட்டது. படம் வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. இருந்தாலும் வாயில் அணாதான் இருந்திருக்கிறது. அத்தை இன்றைக்கும் ஐம்பது பைசாவை எட்டணா என்றுதான் சொல்கிறார்கள். மகன் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "அப்ப வரவுல கால் பங்கு துண்டு விழுது. ஜி.எஸ்.டி.யே பதினெட்டுதானேம்மா" என்றான். இன்றைக்கு அந்தப் பேச்சு வேண்டாம் என்று வாயை அடைத்தேன்.

வாயை அடைக்க அவனுக்குப் பாப்கார்ன் இருக்கிறது. மளிகைக் கடையில் மக்காச்சோளம் வாங்கி அவனே குக்கரில் பொரித்துக்கொள்வான். ஆனால் பாப்கார்னிலும் நிம்மதி இல்லை. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பாப்கார்னுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. உப்பும் மசாலாவும் போட்டது சும்மா அள்ளிக் கொடுத்தால் 5 சதவீதம், அதையே லேபிள் ஒட்டிப் பொட்டலமாக விற்றால் 12, சர்க்கரைப் பாகு சேர்த்த கேரமல் என்றால் அது மிட்டாய் வகை, 18. ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தின்பண்டக் கடை வைத்திருக்கிற ஒருவர் மறுநாளே ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். அடுத்த செப்டம்பரில் 12 சதவீத அடுக்கே ஏறத்தாழப் போய்விட்டது என்பது வேறு கதை. எப்படியோ, வீட்டில் பொரித்த பாப்கார்னுக்கு ரிட்டர்ன் போட வேண்டியதில்லை.

பழைய படத்தில் இன்னொரு சௌகரியம் சத்தம். இப்போதைய படங்களின் ஒலியைத் தியேட்டருக்காகக் கலக்குகிறார்கள். பேச்சுக்கு நடு ஸ்பீக்கர், சண்டைக்கும் பாட்டுக்கும் சுற்றிலும் உள்ள ஸ்பீக்கர்கள். வீட்டு டிவியில் இருப்பதோ அடிப்பக்கம் பார்த்த ரெண்டு சின்ன ஸ்பீக்கர். எல்லாம் அதற்குள் நெரிந்து, காதல் வசனத்துக்கு ஒலியைக் கூட்டுவதும், அடுத்த நொடி குண்டு வெடித்ததும் பதறிக் குறைப்பதுமாகப் பாதிப் படம் ரிமோட்டோடு போய்விடும். பத்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற ஓசை நமக்கே கேட்கும். அறுபதுகளின் படத்துக்கு ஒரே ஒலித்தடம்தான். நடிகர்களோ நாடக மேடையிலிருந்து வந்தவர்கள், மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகியவர்கள். ஒலியைப் பாதிக்கும் கீழே வைத்தாலும் பாலையாவின் ஒரு முனகல்கூடத் தப்பாது.

படத்தின் அகலத்தில்தான் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. தமிழில் சினிமாஸ்கோப் வந்ததே 1973-ல், 'ராஜராஜ சோழன்' படத்தோடுதான். அதற்கு முந்தின படங்கள் பெரும்பாலும் சதுரத்துக்குப் பக்கமான வடிவம், எனவே டிவியில் ரெண்டு ஓரமும் கருப்பாக இருக்கும். "காசு குடுத்து வாங்குன டிவியில பாதிதான் வேலை செய்யுது" என்று அத்தைக்குக் குறை. இழுத்துவிட்டால் திரை நிறையும், பாலையா ஏற்கனவே நல்ல உடம்பு, இன்னும் ஒரு சுற்றுப் பருத்துவிடுவார். ஒரு நாள் ரெண்டையும் போட்டுக் காட்டினேன். வழக்கு அத்தோடு தள்ளுபடி. கூடவே, அசைவை வழவழப்பாக்குகிற வசதி ஒன்று டிவி செட்டிங்கில் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 பிரேமில் எடுத்தது. நடுவில் இல்லாத பிரேம்களை டிவியே உண்டாக்கிச் சேர்த்தால் எந்தப் படமும் மெகா சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது.

போன மாதம் மகன் ஒரு மனு கொண்டுவந்தான். 'தில்லு முல்லு' வேண்டும். 1981 படம், பாலையா இல்லை. அவன் வாதம் வலுவாகத்தான் இருந்தது: பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு மேட்ச் பார்க்கப் போகிற ரஜினி, அவர் அவிழ்த்துவிடுவதையெல்லாம் நம்பித் தொலைக்கிற முதலாளி தேங்காய் சீனிவாசன். மீசை இருக்கிறவன் ஒருவன், இல்லாதவன் வேறொருவன் என்றால் அதையும் நம்புகிறார். "இதுவும் பாலையா வேலைதானம்மா" என்றான். நான் வாய் திறப்பதற்குள் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "போடு சாமி, தேங்காயும் நம்ம ஆளுதான்."

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மட்டும் இந்த ஏற்பாடு நடப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிற சின்ன வியாபாரிகளுக்குத் தமிழ்நாட்டில் 22-ம் தேதி கடைசி நாள். எனவே அந்த மாதங்களில் பாலையா ரெண்டு நாள் தள்ளி வருவார். இந்த அக்டோபரில் 'ஊட்டி வரை உறவு' என்று முடிவாகியிருக்கிறது. அதற்குள் அந்தப் பழைய இரும்புக்காரர் பில்லைக் கொண்டுவந்து கொடுத்தால் சரி.